அரிவாள் பார்த்து வாங்குவது: அன்றும் இன்றும்

கையால் அடித்த அரிவாளை விலைபேசும் எவருக்கும் ஒரே சிக்கல்தான். வளைவு தெரியும், எடை தெரியும், பிடி தெரியும். ஆனால் எஃகை எந்தச் சூட்டில் தண்ணீரில் இறக்கினார்கள், பிறகு எவ்வளவு இளக்கினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. அரிவாளின் உயிரே அந்தத் தோய்ச்சலில்தான் இருக்கிறது. வெளியே தெரியாத அதை எடைபோட அன்று ஊருக்கு ஒரு வழி இருந்தது. இன்று வாங்குகிறவர் வேறொரு வழியைத் தேடுகிறார்.

சென்ற தலைமுறை வரை அரிவாள் பெரும்பாலும் கடைச்சரக்காக இருந்ததில்லை. தேவைப்பட்டவர் பட்டறைக்கே போவார். தென்னை ஏறுகிறவருக்கா, கருவேலம் வெட்டுகிறவருக்கா, கரும்புத் தோட்டத்துக்கா என்பது கொல்லருக்குச் சொல்லாமலே தெரியும். எந்தக் கை, என்ன உயரம், எந்த மரம் என்று பார்த்தே வளைவையும் முதுகின் கனத்தையும் வைப்பார். பல ஊர்களில் அறுவடைக் களத்தில் நெல் அளந்து கொல்லருக்கான கூலி கொடுக்கப்பட்டது. அதனால் விற்றதோடு கணக்கு முடியாது. வாய் மடங்கினாலும் சில்லுவிட்டு உடைந்தாலும் அரிவாள் அதே உலைக்குத் திரும்பி வரும். “ஆசாரியாரே, போன தடவை வாய் மடங்கிருச்சு, இந்தத் தடவை கொஞ்சம் விறைப்பாத் தோய்ச்சுக் கொடுங்க” என்று சொல்லுமிடத்தில் வாங்கியவரின் அனுபவம் அடித்தவரின் அறிவாக மாறியது. ஓர் அரிவாளின் தரம் வருடக்கணக்கில், இருவர் கையிலும் சேர்ந்து, மெல்ல முடிவானது.

வாங்கும்போதும் சோதனை உண்டு. வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முனையிலிருந்து அடிவரை ஓட்டிப் பார்ப்பார்கள். கோணல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். மூக்குப் பக்கம் கனம் சாய்கிறதா என்று ஒரு வீச்சு வீசிப் பார்ப்பார்கள். வெட்டரிவாளுக்கு அந்தக் கனம் வேண்டும். பாளை சீவும் கத்திக்கு அது ஆகாது. நகத்தால் சுண்டி ஓசை கேட்பார்கள். விரிசல் இருந்தால் ஓசை மங்கும். அரத்தை வாயில் வைத்து இழுத்தால் இரும்பைச் சுலபமாகக் கடிக்கிறதா, வழுக்குகிறதா என்பது கடினத்தைச் சொல்லும். கடைசியாகக் காய்ந்த புளியங்கொம்பில் நான்கு வெட்டு. வெட்டு எவ்வளவு ஆழம் என்பதைவிட, வெட்டியபின் வாய் எப்படி இருக்கிறது என்பதையே உற்றுப் பார்ப்பார்கள்.

தமிழ் மண்ணில் இரும்பறிவு பழையது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. லாரிகள் பெருகிய காலத்தில் கொல்லர்கள் கண்டுகொண்ட புதையல், கழித்துப் போட்ட வில்பட்டை. பல ஆண்டுகள் சுமை தாங்கியும் முறியாத அந்த எஃகில் கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். வளைந்து நிமிரும் குணமும் கூர் பிடிக்கும் குணமும் அதில் சேர்ந்திருக்கின்றன. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்பெற்றது. அந்தப் பெயருக்கு எஃகு பாதி என்றால், தோய்ச்சல் மறுபாதி.

தோய்ச்சல் என்பது இரண்டு படி. எஃகைச் சுமார் 850 டிகிரி செல்சியஸ் வரை சிவக்க வைத்துத் தண்ணீரிலோ எண்ணெயிலோ இறக்கினால் அது விறைக்கும். அந்த நிலையில் கண்ணாடி போல நொறுங்கும். ஆகவே மறுபடி 200 முதல் 300 டிகிரிக்குள் சூடுகாட்டி இளக்க வேண்டும். தேய்த்த பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும்; எந்த நிறத்தில் நிறுத்துகிறாரோ அதுவே அந்த அரிவாளின் குணம். வாயை மட்டும் தோய்த்து முதுகை மென்மையாக விட்டுவிடும் கொல்லர்கள் பலர். வாய் கூரைத் தாங்கும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும். வெப்பமானி இல்லாத பட்டறையில் இவ்வளவையும் கண்தான் அளந்தது. உலையைச் சற்று இருட்டில் வைத்ததும் அதற்காகத்தான். பகல் வெளிச்சத்தில் சிவப்பின் பக்குவம் பிடிபடாது.

இன்று துருத்தியின் இடத்தில் மின் ஊதுகுழல் வந்துவிட்டது. சம்மட்டி அடிக்கும் ஆளின் வேலையைப் பவர் ஹேமரும், அரத்தின் வேலையைக் கிரைண்டரும் செய்கின்றன. முதுகு ஒடியும் உழைப்பு குறைந்தது பெரிய நன்மை. அதில் வருந்த எதுவும் இல்லை. ஆனால் கிரைண்டர் ஒரு புதிய ஆபத்தைக் கொண்டுவந்தது. தோய்த்த வாயை அவசரமாகத் தேய்த்தால், மெல்லிய அந்த விளிம்பு நொடியில் 300 டிகிரியைத் தாண்டி நீலம் பாரிக்கும். அங்கே தோய்ச்சல் இளகிவிட்டது என்று பொருள். அடுத்த நொடியே பாலிஷ் போட்டால் நீலமும் மறைந்துவிடும். பளபளப்பு தரத்துக்கு அடையாளமாகாது. சில வேளை குற்றத்தின் தடயத்தையும் அது அழித்துவிடுகிறது.

புகைப்படம் பார்த்து வாங்குகிறவருக்கு இன்று எண்கள் துணைக்கு வருகின்றன. ராக்வெல் கடினம் அவற்றில் முதன்மையானது. வைர முனைகொண்ட கூம்பை 150 கிலோ சுமையால் அழுத்தி, பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் முறை அது. 1919-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. சமையல் கத்திக்கு 58, 60 என்ற எண் நல்லது. மரம் வெட்டும் அரிவாளுக்கு 52, 54-ஏ போதும். அதற்கு மேல் போனால் முடிச்சில் பட்டு உடையும். எண் பெரிதானால் தரம் பெரிது என்று நினைப்பது தவறு. அதோடு, அந்த அளவு எடுத்த இடம் பெரும்பாலும் தட்டையான உடல்பகுதி; தேய்த்து மெலிந்த வாயல்ல.

எண்ணை மட்டும் நம்பாத ஒரு வழியை அமெரிக்கக் கத்திக் கொல்லர்கள் வைத்திருக்கிறார்கள். 1976-இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில் ஒரே கத்தி நான்கு சோதனைகளைக் கடக்க வேண்டும். தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை இரண்டுமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன்பின்னும் கை முடியைச் சிரைக்க வேண்டும். இறுதியாக இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைக்கும்போது முறியக்கூடாது. கூர், உறுதி, நெகிழ்வு மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். புளியங்கொம்பில் வெட்டிவிட்டு வாயைப் பார்த்தவரின் அறிவும் இந்த விதிகளின் அறிவும் ஒன்றே.

மாறியது வாங்குகிறவருக்கும் கொல்லருக்கும் இடையிலான உறவு. சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் அது தெரியும். சட்டம் எப்போதும் பயனைப் பார்த்தே அரிவாளைப் பிரித்தது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத விதிகள் ஆயுதமாக எண்ணினாலும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றை விலக்கிவைத்தன. 2021-இல் வாங்குவோர் விவரங்களைப் பதிவேட்டில் எழுதிவைக்கும்படி தமிழ்நாட்டுக் காவல்துறை பட்டறைகளைக் கேட்டுக்கொண்டது. வருகிறவர் யார், எதற்கு வாங்குகிறார் என்பதை ஒரு காலத்தில் கொல்லர் மனத்திலேயே வைத்திருந்தார்.

பழைய நாளுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அன்றும் வேகாத எஃகும் பிளந்த பிடியும் இருந்தன. ஆனால் அன்றிருந்த ஒன்றை இன்றும் வைத்துக்கொள்ள முடியும்: வாங்கியபின் தொடரும் பேச்சு. எஃகு என்ன, எதில் தோய்த்தீர்கள், எவ்வளவு இளக்கினீர்கள் என்று கேளுங்கள். நல்ல கொல்லர் அந்தக் கேள்விக்கு மகிழ்வார். ஒரு பித்தளைக் கம்பியில் வாயைச் சாய்த்து மெல்ல அழுத்திப் பாருங்கள்; வளைந்து திரும்பினால் நலம், மடங்கி நின்றால் மென்மை, சில்லுவிட்டால் விறைப்பு. ஒரு பருவம் வேலை வாங்கிய பிறகு, குறையையும் நிறையையும் அடித்தவருக்கே சொல்லி அனுப்புங்கள். அந்தச் செய்தி வராததால்தான் இன்றைய பட்டறைகளில் பல, பளபளப்பைத் தரம் என்று நம்பிக் கற்றுக்கொள்கின்றன. நல்ல அரிவாள் வேண்டும் என்றால், நல்ல கொல்லரைத் தேடுவதோடு அவருக்குத் தேவையான உண்மையைச் சொல்லும் பயனாளியாகவும் நாம் இருக்க வேண்டும்.