துவைக்கக் கொடுத்த சட்டை

2011-ல் என் மனைவிக்கு மூணாம் மாசம். நெல்லுக்குக் குளோர்பைரிபாஸ் அடிச்சிட்டு வந்து, நனைஞ்ச சட்டையை அவங்ககிட்டதான் துவைக்கக் கொடுப்பேன். "குமட்டுதுங்க" என்பாங்க. மசக்கைன்னு நினைச்சுட்டேன்.

இந்த விஷம் பூச்சியின் நரம்பைத் தாக்கித்தான் கொல்கிறது. நம்ம நரம்பும் அதே முறையில்தான் இயங்குகிறது. கருவில் உருவாகிற மூளை அதைத் தாங்குமா?

நியூயார்க்கில் வீடுகளுக்குள் கரப்பானுக்கு இதை அடித்த காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்தப் பிள்ளைகளை வளர வளரக் கவனித்தார்கள். ரத்தத்தில் விஷம் கூடுதலாக இருந்தவர்களுக்கு 7 வயதில் நினைவாற்றல் குறைவாக இருந்தது. 40 பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், மூளையின் அமைப்பிலேயே வேறுபாடு தெரிந்தது. இது 2012-ல் வெளியானது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் இந்த மருந்தைத் தடை செய்தது.

என் பையன் நல்லாத்தான் இருக்கான். ஆனாலும் அவன் கணக்கில் தடுமாறும்போதெல்லாம் அந்தச் சட்டை ஞாபகம் வருது.

இப்போ எங்க வயலில் வேப்பங்கொட்டைக் கரைசலும் விளக்குப்பொறியும்தான். இன்னும் மருந்தை விட முடியாத நண்பர்களே, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தெளித்த துணியை நீங்களே தனியாகத் துவையுங்கள். அடுத்த போகத்தில் அந்தத் துணிக்கே வேலையில்லாமல் செய்வோம்.