பழைய பந்தய கார்: பளபளப்பைவிடப் பதிவே முக்கியம்

வார இறுதிக் காலைப்பொழுதில் பழைய அப்பர் தாம்சன் ரோட்டுக்குச் சென்றால் மெதுவோட்டக்காரர்களையும் சைக்கிளோட்டிகளையும் குரங்குக் கூட்டத்தையும் காணலாம். பக்கத்திலேயே 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாம்சன் இயற்கைப் பூங்கா. செங்காங்கிலிருந்து வெகு தொலைவில் இல்லாத, மரநிழல் நிறைந்த அமைதியான சாலை அது.

ஆனால் 1961 முதல் 1973 வரை, ஆண்டில் சில நாள்கள் அந்தச் சாலை அதிர்ந்தது. பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர் சாலைச் சுற்றில் பந்தய கார்கள் பறந்தன. மெரினா பேயில் 2008ல் எஃப்1 இரவுப் பந்தயம் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே சிங்கப்பூருக்கு ஒரு கிராண்ட் பிரீ இருந்தது.

சாலை இன்றும் இருக்கிறது. அதில் ஓடிய கார்கள் எங்கே? ஒரு கார் கிடைத்தாலும், அதே கார்தான் அது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய பந்தய கார்களைப் பாதுகாப்போர் உலகெங்கும் மோதிக்கொள்ளும் கேள்வி இது. பொறியியல் பயிலும் மாணவர்களுக்கும் வரலாற்றில் ஆர்வமுள்ள இளையர்களுக்கும் இதில் கற்க வேண்டியது நிறைய உண்டு.

தாம்சன் சாலையின் வேகம்

சுற்றுப்பயணிகளை ஈர்க்கும் இயக்கத்தின் ஓர் அங்கமாக, 1961ல் ‘ஓரியண்ட் இயர் கிராண்ட் பிரீ’ என்ற பெயரில் முதல் பந்தயம் நடந்தது. பிறகு மலேசிய கிராண்ட் பிரீ ஆனது. சிங்கப்பூர் தனி நாடான பின்னர், 1966 முதல் ‘சிங்கப்பூர் கிராண்ட் பிரீ’ என்று அழைக்கப்பட்டது. அந்த ஆண்டு லோட்டஸ் 22 காரில் லீ ஹான் செங் வென்றார். 1969, 1970, 1971 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ். மெக்லாரன், ஃபெராரி, பிராபம் என்று ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு கார்.

வளைவுகள் ஆபத்தானவை. மழை பெய்தால் இன்னும் மோசம். உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1973க்குப் பிறகு பந்தயம் கைவிடப்பட்டது. ‘ஸ்னேக்ஸ்’, ‘டெவில்ஸ் பெண்ட்’ என்று அன்று வளைவுகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களைத் தலைப்பாகக் கொண்டு, இந்தப் பந்தயத்தின் வரலாற்றை ஈலை சாலமன் 2008ல் நூலாக எழுதினார்.

சிறிய கார், பெரிய சிக்கல்

அன்றைய பந்தயங்களில் சிறிய கார்களுக்குத் தனி இடமுண்டு. லோட்டஸ் 22, ‘ஃபார்முலா ஜூனியர்’ என்ற பிரிவுக்காக 1962ல் உருவானது. சாதாரண கார்களின் என்ஜினை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். 1,100 சிசி என்ஜின் என்றால் எடை 400 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது என்பவை அப்பிரிவின் விதிகளுள் சில.

அமெரிக்காவில் இதைப் போன்ற எளிய பந்தயத்துக்குப் பிறந்தவை ‘மிட்ஜெட்’ கார்கள். 1930களில் தொடங்கி, குட்டையான வட்டப் பாதைகளில் ஓடிய குள்ளக் கார்கள் இவை. ஓட்டுநருக்கு முன்னால் என்ஜின். தானாக இயங்கத் தொடங்கும் வசதி கிடையாது. வேறொரு வாகனம் பின்னாலிருந்து தள்ளினால்தான் புறப்படும். ‘ஆஃபன்ஹவுசர்’ என்ஜினும் ஃபிராங்க் கர்ட்டிசின் பட்டறையில் உருவான உடலும் சேர்ந்த மிட்ஜெட்டுகள் புகழ்பெற்றவை. 1959ல் அமெரிக்காவின் லைம் ராக் தடத்தில் ராட்ஜர் வார்ட் ஒரு மிட்ஜெட்டை ஓட்டி, விலையுயர்ந்த வெளிநாட்டு விளையாட்டு கார்களையே தோற்கடித்தார்.

இத்தகைய சிறிய கார்களைப் பாதுகாப்பதில்தான் சிக்கல் அதிகம். அவை அரும்பொருளகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அடுத்த வாரப் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டவை. மோதி வளைந்த குழாயை அன்றிரவே வெட்டி எறிந்து வேறு குழாயைப் பற்றவைப்பார்கள். வெடித்த என்ஜினைக் கழற்றி இன்னொரு காரின் என்ஜினைப் பொருத்துவார்கள். உரிமையாளர் மாறினால் நிறமும் எண்ணும் மாறும். வேகம் குறைந்துவிட்டால் கொட்டகையின் மூலைக்குப் போய்விடும்.

முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அதைக் கண்டெடுக்கும்போது, எது முதலில் இருந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்ல யாரும் இருப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. புதிதுபோல் ஆக்கும் ஆசையில் பழைய பாகங்களை எல்லாம் வீசிவிட்டுப் புதியவற்றைப் பொருத்திவிடுகிறார்கள். கார் மின்னும். ஆனால் அதிலிருந்த சாட்சியங்கள் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

நீதிமன்றம் சென்ற கார்

பாகங்கள் அனைத்தும் மாறிவிட்டால் அது பழைய காரா, புதிய காரா? லண்டன் நீதிமன்றம் ஒன்று 1990ல் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட பென்ட்லி கார் 1929லும் 1930லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. பிறகு அதன் என்ஜினும் உடலும் பலமுறை மாற்றப்பட்டன. பல மில்லியன் பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது உண்மையான கார் அல்ல என்று கூறிப் பின்வாங்கியது. வழக்கு நீதிபதி ஆட்டன் முன் வந்தது.

வென்றபோது இருந்த நிலையில் கார் இல்லை என்பதை நீதிபதி ஏற்றார். ஆனால் அது ஒருபோதும் இல்லாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் கடந்து ஒரே காராகத் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது. ஆகவே அதுவே ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பு சொல்லும் பாடம் எளிமையானது. பாகம் மாறுவது குற்றமன்று. எப்போது, எதற்காக, யாரால் மாறியது என்ற தொடர்ச்சி அறுந்துவிடக்கூடாது. அந்தத் தொடர்ச்சியை நிரூபிக்க ஆவணங்களும் படங்களும் எஞ்சியிருந்ததால்தான் வழக்கில் பதில் கிடைத்தது.

பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே வழியைக் காட்டுகிறது. இருப்பதை இருக்கும் நிலையிலேயே காப்பது முதல் தெரிவு. புதுப்பிப்பது அதற்குப் பின்னர்தான். புதிதாகச் சேர்க்கும் பாகம் புதியது என்று அடையாளம் தெரிய வேண்டும். செய்த வேலை எழுதி வைக்கப்பட வேண்டும்.

காரைப் படிக்கும் கலை

பழைய காரைத் திறப்பது தொல்லியல் அகழாய்வு போன்றது. கைதேர்ந்தவர்கள் திருகாணியைத் தொடும் முன் கேமராவை எடுக்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் எந்த இடத்தில், எந்தத் திசையில் இருந்தது என்று படமெடுத்து, கழற்றியதும் பெயரெழுதிப் பையில் போட்டு வைக்கிறார்கள்.

சாயத்தை ஒரேயடியாகச் சுரண்டிவிடுவதில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் வெளிப்படும். சில வேளைகளில் பழைய பந்தய எண்ணே தெரியும். அந்த எண்ணைக் கொண்டு அக்கால நாளிதழ்ப் படங்களில் காரைத் தேடலாம். படத்தில் தெரியும் தறையாணி வரிசையும் கண்ணெதிரே உள்ள தறையாணி வரிசையும் ஒத்துப்போனால் வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டது. சட்டகத்திலும் என்ஜினிலும் பொறிக்கப்பட்ட எண்கள் இன்னொரு சாட்சி.

ஆனால் பழைய பாகம் என்பதற்காகவே அதைப் பூட்டி ஓட்டிவிட முடியாது. எடையைக் குறைக்க அன்று மக்னீசியக் கலவையில் வார்த்த சக்கரங்கள் காலப்போக்கில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடக்கூடும். வண்ணத் திரவத்தைப் பூசித் துடைத்த பின் விரிசலுக்குள் தங்கிய நிறம் வெளியே கசிவதைப் பார்க்கும் சோதனை இதற்கு உதவும். எஃகுப் பாகத்தில் காந்தத்தையும் இரும்புத் துகளையும் கொண்டு சோதிப்பர்.

சோதனையில் தோற்ற பாகத்தின் இடத்தில் புதிய பாகம்தான் வர வேண்டும். உயிரைவிட வரலாறு பெரிதன்று. ஆனால் பழையதை வீசாமல், தேதியுடன் காரின் கோப்போடு சேர்த்து வைப்பதே முறை.

கோவையின் குட்டிக் கார்

தமிழ்நாட்டிலும் இதே நிலையில் ஒரு சிறிய கார் இருக்கிறது. சென்னைக்கு அருகிலுள்ள சோழவரம் விமான ஓடுபாதை, ஒருகாலத்தில் இந்தியக் கார் பந்தயத்தின் தலைநகர். அங்கு ஓடிய கோயம்புத்தூர்ப் பந்தய வீரர் கரிவரதன், 1980களின் பிற்பகுதியில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். என்ஜின், வீட்டுக்கு வீடு நின்ற மாருதி 800ன் 796 சிசி என்ஜின். வசதி குறைந்த இளையர்களும் பந்தயத்துக்குள் நுழைய அது வழி திறந்தது. பின்னாளில் 2005ல் இந்தியாவின் முதல் எஃப்1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர்தான்.

கரிவரதன் 1995ல் விமான விபத்தில் காலமானார். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. தடத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அவர் வடிவமைத்த கார்களின் சட்டகங்களும் வரைபடங்களும் அவற்றைப் பழுதுபார்த்த மெக்கானிக்குகளின் நினைவுகளும் அதே அளவு மதிப்புடையவை. மலிவான கார் என்பதாலேயே அதைப் பொருட்படுத்தாமல் விட்டால், ஒரு தலைமுறையின் உழைப்பு தடயமின்றிப் போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்?

செங்காங்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றைச் சுற்றிப் பாருங்கள். இருபது வயதைத் தாண்டிய காரைக் காண்பது அரிது. வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான். அதன்பின் புதுப்பிக்காத கார் பழைய இரும்பாகவோ ஏற்றுமதிக்கோ போய்விடும். குறைந்தது 35 ஆண்டுகள் பழமையான கார்களுக்கென ஒரு திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்துள்ளது. அதன்கீழ் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். ஆனால் சாலையில் ஓட்டுவதற்கே தகுதியில்லாத ஒற்றை இருக்கைப் பந்தய கார்களுக்கு அது பொருந்தாது. அவற்றைக் காப்பது முழுக்க முழுக்கத் தனியாரின் ஆர்வம்தான்.

பழைய கார் வாங்கும் வசதி நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் பதிவு செய்யப் பணம் வேண்டியதில்லை. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்க் களஞ்சியத்தில் 1960களின் பந்தயச் செய்திகளை எவரும் தேடிப் படிக்கலாம். முதியோரின் அனுபவங்களை 1979 முதல் பதிவு செய்துவரும் வாய்மொழி வரலாற்று மையத்தின் நேர்காணல்கள், எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு நல்ல பாடம்.

தாம்சன் சாலைப் பந்தயத்தை இருபது வயதில் பார்த்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் தாத்தாவோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ சாலையோரத்தில் நின்று அதைப் பார்த்திருக்கலாம். அக்காலப் பட்டறை ஒன்றில் கறைபடிந்த கைகளோடு வேலை செய்தும் இருக்கலாம். அலமாரியில் இருக்கும் மங்கிய படத்தின் பின்பக்கத்தில் ஆண்டையும் இடத்தையும் காரின் எண்ணையும் அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கைப்பேசியில் பத்து நிமிடம் அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

தேய்ந்துபோன ஒரு பாகத்தை இன்னொரு முறை கடைந்தெடுக்க முடியும். அந்தக் காரை அன்று பழுதுபார்த்தவரின் நினைவை அப்படிச் செய்ய முடியாது.