ஏணிப் பாதுகாப்பு

ஏணிப் பாதுகாப்பு என்பது பெயர்ப்பலகை, விளம்பரப் பலகை முதலியவற்றை உயரத்தில் பொருத்துவோர் விழாதிருக்கக் கைக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும்.

சாய்வு ஏணியின் அடி, அது சுவரைத் தொடும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தொலைவில் இருத்தல் வேண்டும். 12 அடி உயரமெனில் 3 அடி; அப்போது கோணம் ஏறத்தாழ 75 பாகை ஆகும். சாய்வு மிகுந்தால் ஏணியின் அடி வழுக்கும். குறைந்தால் ஏணி பின்புறம் கவிழும்.

இடர்மிகு குறுக்குவழிகள்

* மேசைமீது ஏணியை நிறுத்துதல்
* உச்சிப்படியில் நிற்றல்
* ஏணியை நகர்த்தாமல் பக்கவாட்டில் எட்டுதல்
* பலகையைக் கையில் சுமந்து ஏறுதல் (கயிற்றால் மேலே இழுப்பதே முறை)
* மின்கம்பியருகே அலுமினிய ஏணியைப் பயன்படுத்துதல்

காற்று

2023 சூன் 1 அன்று கோயம்புத்தூர் மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை பொருத்துகையில், பலத்த காற்றில் இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தனர். அகன்ற பலகை பாய்மரம்போல் காற்றை வாங்குவதால், காற்று வலுக்கும்போது பணியை நிறுத்தி இறங்குதல் வேண்டும்.