சரக்கிருந்தும் வழங்க இயலாமை

கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எனத் துறைதோறும் தனித்தனியே எழுதப்பெற்ற பதிவேடுகளை ஒரே தரவுத்தளத்தில் இணைப்பது நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருளாகும். 'ஈ.ஆர்.பி.' என்ற பெயரே வழக்கில் மிகுதி. இலக்கியம் பயிற்றும் நமக்கு இதில் என்ன வேலை என மாணவர் நகைக்கக்கூடும். எனினும், இதனை நிறுவுதல் கணிப்பொறியாளர் பணி மட்டுமே என்னும் எண்ணம் பிழையென்பதை அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் வரலாறு நன்கு புலப்படுத்துகிறது.

அந்நிறுவனம் 11 கோடியே 20 இலட்சம் டாலர் செலவில் சாப் உள்ளிட்ட மூன்று மென்பொருள்களை ஒருசேர நிறுவ முற்பட்டது. 48 மாதங்கள் வேண்டியிருந்த பணியை 30 மாதங்களில் முடிக்கத் துணிந்தது. 2000ஆம் ஆண்டுக் கணிப்பொறிச் சிக்கல் பற்றிய அச்சமே அவ்விரைவிற்குக் காரணம். 1999 ஜூலையில் புதிய அமைப்பு இயங்கத் தொடங்கிற்று. இனிப்பு பெருமளவில் விற்கும் ஹாலோவீன் திருநாளுக்குக் கடைக்காரர் சரக்குக் கேட்டு எழுதும் பருவம் அது! சரக்கும் இருந்தது. ஆனால் நெருக்கடிக் காலத்தில் கிடைத்த இடங்களிலெல்லாம் அடுக்கிவைப்பது பணியாளர் வழக்கம். அவ்விடங்கள் கணிப்பொறியில் ஏற்றப்பெறவில்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர் பெறுமான சரக்கை வழங்க இயலவில்லை; அக்காலாண்டின் இலாபம் 19 விழுக்காடு சரிந்தது.

குறை மென்பொருளில் அன்று, கிடங்குப் பணியாளரைக் கேளாமையிலும் காலத்தைக் குறுக்கியதிலுமே என்பது நம் கருத்து. 2002இல் அதே நிறுவனம் சாப்பின் புதிய பதிப்பிற்கு மாறியபோது பலமுறை சோதித்த பின்னரே இயக்கிற்று. குறித்த காலத்திற்கு முன்பே, ஒதுக்கிய தொகைக்கும் குறைவாகவே பணி முடிந்தது.