ஒரு சீட்டைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாமா?



கர்ப்பிணித் தாய்மார் முதல்முறை மருத்துவமனைக்கு வரும்போது எடுக்கப்படும் இரத்தத்தில் சிறிது, சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்காகச் சோதிக்கப்படுகிறது. மேகப்புண் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதுவே. தாய்க்கு ஒரு வலியும் தெரியாதிருக்கலாம். ஆனாலும் குழந்தை வயிற்றிலேயே இறக்கக்கூடும். ஆகவே இச்சோதனையைத் தவிர்க்கலாகாது.

இதற்கு இருவகைப் பரிசோதனைகள் உண்டு.

முதலாவது, 1946-ல் உருவான வி.டி.ஆர்.எல். செலவு குறைவு. இது கிருமிக்கே உரிய அடையாளத்தைத் தேடுவதில்லை. உடலின் செல்கள் சேதமடையும்போது தோன்றும் எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. ஆகவே மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற நோய்களிலும், சில வேளை கர்ப்பகாலத்திலும், சிபிலிஸ் இல்லாதவருக்கே "உண்டு" என்று வந்துவிடும்.

இரண்டாவது டி.பி.எச்.ஏ. சிபிலிஸ் கிருமிக்கு எதிராகவே உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இது கண்டுபிடிப்பதால் தவறு குறைவு. ஆனால் முன்பே சிகிச்சை பெற்றுக் குணமானவருக்கும் இது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் "உண்டு" என்றே காட்டும். குணத்தை அறிய மறுபடியும் வி.டி.ஆர்.எல். தான் வேண்டும்: 1:32 என்றிருந்த அளவு 1:8 ஆகக் குறைந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது.

விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, சுமார் 20 நிமிடத்தில் முடிவு சொல்லும் அட்டைச் சோதனையும் இன்று உண்டு. இவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகையே. திரும்பி வர இயலாத கிராமத்துத் தாய்க்கு அன்றே பென்சிலின் ஊசி போட இது உதவுகிறது. ஆரம்ப நிலை நோய்க்கு 24 லட்சம் யூனிட் பென்சாதீன் பென்சிலின் ஒரே வேளை போதும். நாட்பட்ட நோய்க்கு வாரம் ஒருமுறையாக மூன்று வேளை. கணவரும் பரிசோதனைக்கு வரவேண்டும்.

தொற்றிய முதல் சில வாரங்களில் இரு பரிசோதனைகளுமே "இல்லை" என்று சொல்லலாம். சந்தேகமிருந்தால் மறுபடி சோதிக்க வேண்டும்.

முதல் சோதனைச் சீட்டு ஒன்றையே நம்பிக் குற்றமற்ற மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பின்வரும் இரண்டாம் சீட்டு அந்தக் கண்ணீரைத் துடைக்குமா? இரண்டு முடிவுகளையும் மருத்துவர் சேர்த்துப் பார்க்குமட்டும் நாம் நாவைக் காத்துக்கொள்வோம்.