எழுந்து நிற்கும் வீடும் எழுப்பப்போகும் வீடும்

ஒரு வீடு சூழலின்மீது ஏற்றும் சுமையைக் கணக்கிடுவோர், மின்விசிறியும் குளிர்சாதனமும் ஆண்டுதோறும் இழுக்கும் மின்சாரத்தையே பெரும்பாலும் கருதுகின்றனர். கொத்தனார் முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்பே சூளையிலும் சிமென்ட் ஆலையிலும் இரும்பு உலையிலும் எரிந்து தீர்ந்த எரிபொருள் அந்த வீட்டின் பெயரில் எழுதப்படுவதில்லை. பொருள்களை உருவாக்கி, ஏற்றிவந்து, கட்டி முடிக்கும் வரை வெளியாகும் இந்தக் கரிமத்தைப் பொதிந்த கரிமம் எனலாம். புதிதாகக் கட்டுவதா, கட்டிய வீட்டை வாங்குவதா என்னும் கேள்விக்கு இதை ஒதுக்கிவிட்டு விடை காண இயலாது.

சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டே சிமென்ட் ஆகிறது. அவ்வாறு சுடும்போது எரிபொருளின் புகையோடு கல்லினுள் கட்டுண்டிருந்த கரியமில வாயுவும் பிரிந்து வெளியேறுவதால், உலையை எத்துணைத் தூய்மையான எரிபொருளால் எரித்தாலும் இந்தப் பங்கு குறைவதில்லை. ஆயிரம் சதுர அடி கான்கிரீட் வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமென்டும் 4 டன் கம்பியும் வேண்டும் என்பது தமிழ்நாட்டு மேஸ்திரிகளின் வழக்கமான கணக்கு. 50 கிலோ மூட்டைகளில் 400 என்பது 20 டன் ஆகும். இவ்விரு பொருள்களால் மட்டுமே ஏறத்தாழ 20 டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. மாதம் 200 யூனிட் செலவிடும் குடும்பத்தின் மின்சாரம், நிலக்கரியையே பெரிதும் நம்பியிருக்கும் இன்றைய மின்தொகுப்பில், ஆண்டுக்கு ஒன்றேமுக்கால் டன் அளவிலேயே வெளியிடுகிறது என்பதால், குடிபுகும் நாளிலேயே புதிய வீடு பதினோர் ஆண்டுக்கும் மேலான மின்சாரத்துக்கு ஈடான கடனைச் சுமந்து நிற்கிறது. செங்கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் இதில் இன்னும் சேரவில்லை.

புதிய வீடு வெப்பத்தை நன்கு தடுக்கும், ஆகவே அந்தக் கடன் விரைவில் அடைபடும் என்னும் வாதம் முற்றிலும் தவறன்று. எனினும் இங்குள்ள வீடுகளில் வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகவே இறங்குவதால், பழைய மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பும் வெண்ணிற ஓடு பதித்து, மேற்குச் சன்னல்களுக்கு நிழல் அமைத்தாலே அந்தப் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இதற்காக ஒரு வீட்டையே இடிப்பது வருந்தத்தக்க வீண்செலவு. தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக அடுக்கி, தட்டோடு பாவிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் தம் தடிப்பினாலேயே வெப்பத்தைத் தாமதப்படுத்துபவை. அத்தகைய வீட்டை வாங்குவோர் சுவரில் சிமென்ட் பூசிவிடுவது பெரும் பிழை, ஏனெனில் சுண்ணாம்புச் சுவர் உள்ளிழுத்த ஈரத்தை வெளிவிடும் வழி அதனால் அடைபட்டு, ஓதம் ஏறிப் பூச்சு உதிரத் தொடங்கும்.

பழைய வீடு என்பதாலேயே எதையும் வாங்கிவிடலாகாது. கடற்கரை ஊர்களின் கான்கிரீட் கட்டடங்களில் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரையின் அடிப்பூச்சைப் பிளந்து தள்ளும் நிலை முற்றியிருந்தால், பழுதுபார்ப்பதே புதிதாகக் கட்டுவதற்கு நிகரான செலவாகிவிடும். எனவே வில்லங்கச் சான்றையும் மூலப்பத்திரத்தையும் ஆராயும் அக்கறையோடு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு கூரையையும் தூண்களையும் சோதிப்பது இன்றியமையாதது. வீடு அமைந்த இடமும் எடைபோடத்தக்கது: பேருந்தும் பள்ளியும் நடை தூரத்தில் உள்ள பழைய தெருவை விட்டு, ஏரிப் புறத்திலோ நெல்வயலிலோ எழும் புதிய மனைப்பிரிவுக்குக் குடிபெயரும் குடும்பம், நாள்தோறும் எரிக்கும் பெட்ரோலையும் தன் கணக்கில் ஏற்றிக்கொள்கிறது.

கட்டியே தீரவேண்டிய சூழலில், தேவைக்கு மேல் ஓர் அறையையும் சேர்க்காமல் சிறிதாகக் கட்டுவதே முதற்சிக்கனம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கற்கள் பக்கவாட்டில் நிறுத்தப்பட்டு இடையில் வெற்றிடம் விடப்படுவதால், கற்களில் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாவதோடு சுவரும் வெப்பத்தைத் தடுக்கிறது. இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண் ஆகியவற்றைக் காரைக்குடிக் கடைகளில் இன்றும் வாங்கலாம்; சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்லும் பெரும்பாலும் உடையாமல் பிரிந்துவந்து மறுசுவருக்கு உதவுகிறது, சிமென்டில் கட்டியதோ சாந்தோடு சேர்ந்தே நொறுங்கிக் குப்பைமேட்டுக்குப் போகிறது.