கல்லீரற் சீழ்க்கட்டியும் அதன் ஏதுக்களும்

ஈரலில் நோயென்றவுடன் குடியை நினைப்பது எம்மவர் வழக்கம். யாழ்ப்பாணத்தில் ஈரற்கட்டி கண்டோருட் பெரும்பாலோர் கள்ளருந்தும் ஆடவரே என அண்மைக்கால ஆய்வுகளும் கூறுதலின், அவ்வழக்கம் முற்றும் பிழையன்று. ஆயின் அவ்வாய்வுகள் குறிப்பது அமீபாவினால் உண்டாகுங் கட்டியையாம். பற்றீரியாக்களால் உண்டாகுஞ் சீழ்க்கட்டி வேறு. அது கள்ளை வாயில் வைத்தறியாதாரையும் பற்றும். இவ்வேறுபாடு அறியாது, 'எமக்கு அது வாராது' எனக் காய்ச்சலைப் பொருட்படுத்தாது விடுவோர் இடர்ப்படுவர்.

ஈரலுக்குச் செல்லுங் குருதியில் ஏறக்குறைய முக்காற்பங்கு வாயினாளத்தின் வழியே குடல் முதலியவற்றிலிருந்து வருகின்றது. அதனோடு தப்பிவருங் கிருமிகளை ஈரலிலுள்ள காவற்கலங்கள் விழுங்கிவிடும். கிருமிகள் அளவிறந்து வரினும், காவல் தளரினும் கட்டி தோன்றும். 1938 இல் ஒக்ஸ்னர், டெபேக்கி, மறே என்னும் அமெரிக்க மருத்துவர் மூவர் வெளியிட்ட ஆய்வில் குடல்வாலழற்சியே தலையாய ஏதுவாகக் காணப்பட்டது. நோயாளரும் பெரும்பாலும் இளைஞரே. காலத்தாற் செய்யுஞ் சத்திரசிகிச்சையும் நுண்ணுயிர்கொல்லிகளும் அவ்வேதுவைப் பின்தள்ளின. அதனிடத்தைப் பித்தநாள நோய்கள் பிடித்தன. கல்லோ புற்றோ நாளத்தை அடைப்பின், தேங்கிய பித்தத்திற் கிருமிகள் பெருகி ஈரலுள் ஏறும். நோயாளரின் வயதும் முதுமையை நோக்கி நகர்ந்தது.

எம் நாட்டார் கூர்ந்து நோக்கவேண்டியது நீரிழிவையே. டென்மார்க்கிலிருந்து 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று, நீரிழிவுடையோர்க்கு இக்கட்டி தோன்றும் வாய்ப்பு ஏனையோரினும் 3.6 மடங்கு எனக் கணித்தது. குருதியில் வெல்லம் மிகும்போது வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை விழுங்கும் ஆற்றலிற் குன்றுதல் இதற்கொரு காரணம். 1980களிலிருந்து தாய்வானில் மருத்துவர் வேறொன்றையுங் கண்டனர். குடலிலோ பித்தநாளத்திலோ யாதொரு நோயுமில்லாதவர்க்கு, கிளெப்சியெல்லா என்னும் பற்றீரியாவினால் ஈரற்கட்டி தோன்றிற்று. அவருட் பலர் நீரிழிவுடையோர். இப்பற்றீரியாவைச் சூழ்ந்துள்ள தடித்த உறை அதனை விழுங்கவொட்டாது தடுக்கும். அது குருதிவழியே கண்ணையும் மூளையையும் அடைதலுமுண்டு. கண்ணை அடைந்தாற் பார்வை சிலநாளிலேயே அழியலாம். ஆதலின் ஈரற்கட்டியுடையார் கண் மங்குகின்றதென்று கூறின், அதனைச் சோர்வெனத் தள்ளுதல் பெருந்தவறு.

ஈரலரிப்பு நோயுடையோரும், மாற்றீரல் பெற்றோரும், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றினோரும் இவ்விடருக்கு உரியரே.

குளிர்நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல், வலவிலாவின்கீழ் நோவு, உணவில் வெறுப்பு என்பன குறிகள். எனினும் முதியோர் பலர்க்கு நோவு தோன்றாது. மெலிவுங் காய்ச்சலுமே காணப்படும். செங்கண்மாரி இல்லையெனின் ஈரலிற் குற்றமில்லை என்பது வெறும் நம்பிக்கை. கழியொலிப் படத்தினாற் கட்டியைக் கண்டு, ஊசியாலோ குழாயாலோ சீழை வடித்து, கிருமிக்கேற்ற மருந்தைச் சில வாரங்கள் கொடுப்பர். ஏது புலப்படாத கட்டி சிலவற்றின் பின்னே பெருங்குடற் புற்றுநோய் மறைந்திருந்தமை கண்டறியப்பட்டுள்ளது. அதனால் நோய் தணிந்தபின்னும் பெருங்குடலைச் சோதிக்குமாறு மருத்துவர் பணிப்பதுண்டு.